வட்டுக்கோட்டையில் பொய்த்த 15 நிமிடம்

1829 மார்ச் 20 அன்று வரவிருந்த சந்திர கிரகணத்தை அராலி விசுவநாத சாஸ்திரியார் தம் பஞ்சாங்கத்தில் கணித்து வைத்திருந்தார். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைச் செமினரியின் தலைவரான அமெரிக்க மிஷனரி டானியல் பூவரும் மேலைநாட்டு முறையில் கணித்துப் பார்த்தார். இரண்டும் ஒத்துவரவில்லை. கிரகணம் பிடிக்கும் நேரத்தில் 15 நிமிட வித்தியாசம். சந்திர வட்டத்தை 12 அங்குலமாக வகுத்தால், மறைப்பில் 3 அங்குல வித்தியாசம். விஷயம் ஊரெங்கும் பரவியது. இரவு வந்ததும் சந்திரன் பூவர் பக்கம் சாட்சி சொன்னது.

மழை பொய்த்தது என்கிறோம். அது தானாகப் பொய்ப்பது. ஒரு கூற்றைச் சோதனைக்கு இழுத்துவந்து பொய்யென்று காட்டுவது பொய்ப்பித்தல். அதற்கு இடங்கொடுக்கும் கூற்றே அறிவியல் கூற்று என்று 1934இல் கார்ல் பொப்பர் எழுதினார். அந்த அளவுகோலில் சாஸ்திரியாரின் பஞ்சாங்கம் தாராளமாகத் தேறும். நேரம் குறித்துக் கொடுத்தவரைத்தானே மடக்கலாம்? “உங்களுக்கு ஒரு கண்டம் இருக்கு” என்று மட்டும் சொல்பவரை எந்த மணிக்கூடும் மடக்காது.

அந்த 15 நிமிடம் வானத்தில் எவ்வளவு தூரம்? சூரியனோடு ஒப்பிட்டால் சந்திரன் மணிக்கு ஏறத்தாழ அரைப் பாகை முந்துகிறது. கிட்டத்தட்ட அதன் சொந்த அகலம். ஆகவே பிழை, சந்திரனின் கால் பங்கு அகலம். இத்தனைக்கும் தமிழ்க் கணிதர்களின் வாக்கிய முறையில் தொலைநோக்கி கிடையாது. சந்திரன் பூமிக்கு மிக அருகில் வந்து மீண்டும் அதே நிலைக்கு வர 27.55 நாள் ஆகும். அப்படி 9 சுற்று முடிய 248 நாள், மிச்சம் கால் மணி நேரம்கூட இல்லை. அந்த 248 நாளுக்கும் நாளுக்கொரு வாக்கியம். அதன் எழுத்துகளுக்குள் எண்கள் ஒளிந்திருக்கும். மனப்பாடம் செய்தவருக்கு மிச்சமெல்லாம் கூட்டலும் கழித்தலும்தான். 1825இல் புதுச்சேரியில் ஒருவர் தரையில் சோழிகளை வைத்தே கிரகணம் கணித்ததை ஜான் வாரன் என்பவர் பதிவுசெய்திருக்கிறார். தொடக்கத்தில் 4 நிமிடமே பிசகு. முடிவில் மட்டும் 52 நிமிடம்.

இதே தமிழ்க் கணிதம் அசத்தியதும் உண்டு. 1765 ஆகஸ்ட் 30 கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதில் அது 41 விநாடிதான் தவறியது. ஐரோப்பாவில் பெயர்பெற்ற டோபியாஸ் மாயரின் அட்டவணை 68 விநாடி தவறியது. இதை எழுதிவைத்தவர் பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்தீ. ஆனால் ஒரு கிரகணம் சரியாக வந்ததால் முறை முழுவதும் சரியென்றாகாது. சூரியனின் இழுப்பு சந்திரனை அலைக்கழிக்கும் விதங்கள் பல; வாக்கியத்தில் அவை எல்லாவற்றுக்கும் கணக்கு இல்லை. அந்தக் குறை ஒரு கிரகணத்தில் ஒளிந்துகொள்ளும், இன்னொன்றில் வெளிப்படும்.

வட்டுக்கோட்டையில் மிஷனரிமார் ஒரு படி தாண்டினார்கள். பஞ்சாங்கம் பிழைத்தால் புராணமும் பிழை, சமயமும் பிழை என்று வாதாடினார்கள். பொய்ப்பிக்கப்பட்டது சந்திரன் நிற்கும் இடம் பற்றிய ஒரு கணக்கு மட்டும். கோயிலில் கும்பிடுவது சரியா என்று கிரகணம் தீர்ப்புச் சொல்லாது. அந்த வாதத்தில் பூவர் தரப்பு சோதிக்கவே முடியாத ஒன்றைச் சோதித்துவிட்டதாகக் காட்டியது.

வாக்கியம், கண்ணுக்குத் தெரிவதோடு ஒத்துப்போகத் திருத்திய திருக்கணிதம் என இரண்டு பஞ்சாங்கங்களும் இன்றும் யாழ்ப்பாணத்தில் புழங்குகின்றன; சித்திரைப் புத்தாண்டு பிறக்கும் நேரத்தில்கூட வேறுபடுகின்றன. 2028 டிசம்பர் 31 இரவு முழுச் சந்திர கிரகணம், இலங்கையில் தெரியும். முகில் மறைக்காவிட்டால், வீட்டிலுள்ள பஞ்சாங்கத்தையும் ஒரு மணிக்கூட்டையும் எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வாருங்கள்.