கணினித்திரையை மதிப்பிடும் முறை

திருநெல்வேலி மாவட்டத்தின் தென்பகுதியில், திசையன்விளைக்கு அணித்தாய் அமைந்த கடற்கரையூர் உவரி. உவரி என்னும் சொல்லுக்குக் கடல் என்றே பொருளுண்டு. உவர்ப்புடையது ஆதலின் அப்பெயர் பெற்றது. அவ்வூர் மணற்பரப்பில் நின்று கடலை நோக்குவோர்க்குக் கரையை நெருங்கும் படகின் கயிறும் வலையும் தனித்தனியே புலப்படும். அப்படகே நெடுந்தொலைவு சென்றபின் கரும்புள்ளி ஒன்றே எஞ்சி நிற்கும். கயிறு எங்கும் போய்விடவில்லை. கண்ணின் ஆற்றல் அவ்வளவே. இரண்டு புள்ளிகளுக்கு இடைப்பட்ட கோணம் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கினும் குறையுமாயின், நல்ல பார்வையுடையாரும் அவற்றை ஒன்றாகவே காண்பர்.

கணினித்திரையின் தெளிவை அளக்கப் புகுவோர் முதலிற் கைக்கொள்ள வேண்டிய அளவுகோல் இதுவே. மானிட்டர் என வழங்கும் அத்திரையில் தோன்றும் படம், நுண்ணிய படப்புள்ளிகளின் தொகுதியாகும். கிடையாக 1920 புள்ளிகளும் நெடுக்காக 1080 புள்ளிகளும் உடைய திரையில் ஏறத்தாழ 21 இலட்சம் புள்ளிகள் உள்ளன. நான்கு கே எனக் கூறி விற்கப்படும் திரையில் அவை 3840 ஆகவும் 2160 ஆகவும் பெருகுதலின், மொத்தம் 83 இலட்சத்தை அணுகும்.

27 அங்குலத் திரையொன்றை இரண்டடித் தொலைவில் அமர்ந்து பார்ப்பதாகக் கொள்வோம். அத்தொலைவில் கண் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய அளவு ஏறத்தாழ 0.18 மில்லிமீட்டர். முதல்வகைத் திரையில் ஒரு புள்ளியின் அகலம் 0.31 மில்லிமீட்டர், ஆதலின் சாய்கோடுகளின் ஓரம் படிக்கட்டுப்போலத் தோன்றும். இரண்டாம் வகையில் அது 0.16 மில்லிமீட்டரே, படிக்கட்டு மறைந்துவிடும். ஆனால், பார்ப்பவர் நான்கடித் தொலைவிற்குப் பின்வாங்கினால், அவ்விரண்டிற்கும் வேற்றுமை காண்பது அரிது. நான்கு மடங்கு புள்ளிகளுக்கென்று கொடுத்த பொருள் அப்போது கண்ணுக்கு எட்டாமற் போகிறது.

இஃது அசையாப் படத்தின் இயல்பு. விளையாட்டிலோ யாவும் ஓடிக்கொண்டே இருக்கும். 2023-ஆம் ஆண்டு சீன நாட்டின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் கணினி விளையாட்டுகளும் பதக்கத்திற்குரிய போட்டிகளாக இடம்பெற்றன. அத்தகைய ஆட்டங்களில் வெற்றியும் தோல்வியும் இமைப்பொழுதில் முடிவாவன. ஆகவே இயக்கத்தில் திரை எவ்வாறு விளங்குகிறது என்பதே பெரிய கேள்வி.

திரையின் இடக்கோடியிலிருந்து வலக்கோடிக்கு ஒரே விநாடியில் ஒரு பந்து ஓடுவதாக எண்ணுக. விநாடிக்கு 60 முறை படம் மாறும் நான்கு கே திரையில், ஒவ்வொரு மாற்றத்திலும் பந்து 64 புள்ளிகள் தாவும். பந்தைத் தொடர்ந்து செல்லும் கண்ணுக்கு அத்தாவல் 64 புள்ளி அகலமுள்ள மங்கலாகவே தோன்றும். அரும்பாடுபட்டுச் சேர்த்த கூர்மை அங்கே பயனிழக்கிறது! விநாடிக்கு 240 முறை மாறும் திரையில் மங்கலின் அகலம் 16 புள்ளிகளாகச் சுருங்கும். எனவே, ஓடும் காட்சியில், புள்ளி குறைந்த விரைவுத்திரை புள்ளி மிகுந்த மந்தத்திரையை வென்றுவிடுவதும் உண்டு. விற்பனைப் பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் அச்சிடப்படுவது பெரும்பாலும் புள்ளிக் கணக்கே.

இரண்டும் வேண்டுமெனின், கணினியின் வலிமையையும் எண்ணவேண்டும். 83 இலட்சம் புள்ளிகளை விநாடிக்கு 144 முறை நிரப்புவதற்கு ஏறத்தாழ 119 கோடிப் புள்ளிகளைக் கணித்து அனுப்புதல் வேண்டும். வண்டி பெரிதாயினும் இழுப்பவை மாடுகளே அன்றோ? கணினி 50 படங்களையே தரவல்லதாயின் திரையின் விரைவு வீண்.

புள்ளி ஒரு நிறத்திலிருந்து மற்றொன்றிற்கு மாறும் நேரமும் நோக்கத்தக்கது. ஒரு மில்லி விநாடி என விளம்பரம் கூறும். மிகுவிசை கொடுத்து விரைவுபடுத்தினாலன்றி அவ்வளவு பெரும்பாலும் கிட்டாது. அப்போது ஓடும் உருவின் பின்னே வெளிறிய நிழலொன்று தொடரும். திரையில் எழுத்தை ஓடவிட்டால் அக்குறை வெளிப்படும்.

இனி, கருமை. திரவப்படிகம் தானே ஒளிர்வதன்று. பின்னுள்ள விளக்கின் ஒளியைத் திறந்தும் மூடியும் விடும் கதவு போன்றது. கதவு முழுதும் அடைபடாமையால் சிறிது ஒளி கசியும். வெண்மை 300 நிட், கருமை 0.3 நிட் எனின், விகிதம் 1000-க்கு 1. இது இருட்டறையில் எடுத்த அளவு. உவரியில் கடலை நோக்கித் திறந்த வாயிலுள்ள வீட்டில், நண்பகலில் 3 நிட் அளவு ஒளி திரையிற் பட்டுத் திரும்புமாயின், அவ்விகிதம் 92-க்கு 1 ஆகிவிடும். எத்துணை உயர்ந்த திரையாயினும் இதற்குத் தப்பாது. திரையை வாயிலுக்கு எதிரே வையாது பக்கவாட்டில் வைத்தலே செலவில்லாத மருந்து.

பக்கத்திலிருந்து பார்த்தால் நிறம் திரிவது பழைய திரவப்படிகத் திரைகளின் மற்றொரு குறை. இதனைத் தீர்த்ததில் நம் நாட்டு ஆராய்ச்சிக்கும் பங்குண்டு. சர் சி. வி. இராமனிடம் பயின்ற சிவராமகிருஷ்ண சந்திரசேகர் என்பார், பெங்களூர் இராமன் ஆராய்ச்சி நிலையத்தில் தம் துணைவருடன் 1977-இல் வட்டத்தட்டு வடிவ மூலக்கூறுகளாலான புதுவகைத் திரவப்படிகத்தைக் கண்டறிந்தார். (நோபல் பரிசு பெற்ற வானியலறிஞர் சந்திரசேகர் வேறொருவர்.) அவ்வகைப் பொருள் பூசிய மென்படலங்கள் பின்னாளில் திரைகளின் பார்வைக் கோணத்தை விரிவாக்கின.

ஓலெட் எனப்படும் வேறுவகைத் திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும். அணைத்தால் முழுக் கருமை. ஆயினும், ஆட்டத்தின் எண்ணிக்கைப் பலகைபோல் ஒரே இடத்தில் நாள்தோறும் நிற்கும் உரு, காலப்போக்கில் அங்கே தழும்பாகப் படிந்துவிடலாம். வாங்குவோர் இரவில் விளக்கை அணைத்துத் திரை முழுதும் கருமையாக்கி மூலைகளில் ஒளி கசிகின்றதா எனவும், பின் வெண்மையாக்கிச் செத்த புள்ளி உண்டா எனவும், மாற்றித் தரும் தவணை முடியுமுன்னரே பார்த்துக்கொள்ளுதல் நன்று.