கயிற்றை எங்கே மாட்டுவது?

செய்தித்தாளின் மாவட்டப் பக்கத்தில் ஓயாமல் வரும் ஒரு தலைப்பு உண்டு: ‘கட்டடத் தொழிலாளி தவறி விழுந்து பலி’. ஊர் மாறும், வயது மாறும், எத்தனையாவது மாடி என்பது மாறும். ‘தவறி’ என்ற சொல் மட்டும் மாறுவதில்லை. அந்த ஒரு சொல்லிலேயே விசாரணை முடிந்துவிடுகிறது. தவறியது அவர் கால், ஆகவே தவறும் அவருடையது. சாரத்தில் எத்தனை பலகை இருந்தது, லிப்ட் குழியின் வாயில் தடுப்பு இருந்ததா, ஏணியின் தலையை எதிலாவது கட்டியிருந்தார்களா என்று அந்த நாலு வரிச் செய்தி கேட்பதில்லை.

வீடு கட்டும் இடம் எதையாவது சற்று நின்று பாருங்கள். இரண்டு சவுக்குக் கம்பு, ஆணி அடித்த குறுக்குச் சட்டங்கள், அதுதான் ஏணி. அதன் அடி, ஜல்லியிலோ ஈர மணலிலோ நிற்கும். தலை, தளத்தின் விளிம்போடு நின்றுவிடும். உண்மையில் கைக்குப் பிடி மிகவும் தேவைப்படுவது அந்த விளிம்பில்தான். ஏணியிலிருந்து தளத்துக்குக் கால் மாற்றும் அந்த ஒரு கணத்தில் பிடிக்க ஒன்றுமில்லாமல் குனிந்து, முழங்காலை ஊன்றி, எட்டி ஏற வேண்டியிருக்கிறது. ஏணி, தளத்துக்கு மேல் 3 அடியாவது நீண்டிருக்க வேண்டும்; 4 அடி உயரத்துக்கு 1 அடி என்ற கணக்கில் அடியைத் தள்ளி வைக்க வேண்டும்; தலையைக் கட்ட வேண்டும். இவை யாருக்கும் புரியாத விதிகள் அல்ல. ஏணிக்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைவனம் 1991லேயே தனி விதித்தொகுப்பு வெளியிட்டிருக்கிறது.

இன்னொரு விதி: ஏணியில் இருக்கும்வரை இரு கையும் ஒரு காலும், அல்லது இரு காலும் ஒரு கையும் எப்போதும் அதைப் பற்றியிருக்க வேண்டும். இதைச் சித்தாள் வேலை பார்க்கும் ஒரு பெண்ணிடம் போய்ச் சொல்ல முடியுமா? தலையில் சும்மாடு, அதன்மேல் கலவைச் சட்டி, சட்டியைத் தாங்க ஒரு கை. காங்கிரீட் போடும் நாளில் ஏணியின் நடுவே நின்று, கீழிருந்து வரும் சட்டியை இரு கையாலும் வாங்கி மேலே நிற்பவரிடம் நீட்ட வேண்டும். புடவை காலைச் சுற்றும். அவர் விதியை மீறுகிறார் என்று எப்படிச் சொல்வது? அவருக்குக் கொடுத்திருக்கும் வேலையே மீறல்தான். கிணற்றடியில் தண்ணீர் இறைக்க நம் வீடுகளில் கப்பி இருந்தது. கலவைச் சட்டியைத் தூக்க ஒரு கப்பியும் கயிறும் கட்ட நமக்குத் தோன்றுவதில்லை.

“பெல்ட் போட்டால் சரியாகிவிடுமே” என்பார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. எங்கள் தெருவில் மாடி எடுத்த ஒரு வீட்டில் வேலை செய்த கொத்தனார், சிங்கப்பூரில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு வந்தவர். அங்கே பெல்ட் இல்லாமல் மேலே கால் வைக்க விடமாட்டார்களாமே என்று கேட்டேன். “பெல்ட்டு பெருசில்ல சார். அங்க நாம ஏறுறதுக்கு முன்னாடியே கொக்கி மாட்டுறதுக்கு லைன் கட்டி வச்சிருப்பாங்க. இங்க பெல்ட்டே குடுத்தாலும் கயித்த எங்க மாட்டுறது? இந்தச் சவுக்குக் கம்புலயா?” என்றார்.

அவர் கேட்டதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. பெல்ட்டோடு வரும் கயிறு பொதுவாக 6 அடி. முதுகில் அது கோக்கப்பட்டிருக்கும் வளையம் காலிலிருந்து 5 அடி உயரத்தில் இருக்கும். கொக்கியைக் காலடியில் மாட்டியிருந்தால், விழும்போது அந்த 5 அடியும் கயிற்றின் 6 அடியுமாக 11 அடி தாண்டிய பிறகே கயிறு விறைக்கும். அதிர்ச்சி தாங்கும் மடிப்பு பிரிவதற்கு இன்னும் 3 அடி வேண்டும். ஒரு மாடி வீட்டின் தளமோ 10 அடிதான். கயிறு இழுத்துப் பிடிப்பதற்குள் தரை வந்துவிடும். 10 அடியிலிருந்து விழ ஒரு நொடிகூட ஆகாது; தரையில் மோதும் வேகம் மணிக்கு 27 கிலோமீட்டருக்கு மேல். அந்த உயரத்தில் ஒருவரைக் காப்பாற்றுவது ஆடாத சாரமும், இடைவெளியில்லாத பலகையும், இடுப்புக்கு மேல் வரும் தடுப்புக் கம்பியும்தான். பெல்ட் பயன்படும் உயரத்திலும் அது தோளையும் தொடையையும் சேர்த்துப் பிடிப்பதாக இருக்க வேண்டும். இடுப்பில் மட்டும் கட்டும் வகை, விழுந்தவரின் வயிற்றை நசுக்கிவிடும். விழுபவரைத் தாங்க அதைப் பயன்படுத்துவதை அமெரிக்காவில் 1998லேயே தடை செய்துவிட்டார்கள்.

சான்பிரான்சிஸ்கோவில் கோல்டன் கேட் பாலம் 1933லிருந்து 1937 வரை கட்டப்பட்டது. அந்தக் காலத்தில் பாலம் கட்டுபவர்களிடம் கொடூரமான ஒரு கணக்கு இருந்தது: பத்து லட்சம் டாலர் செலவுக்கு ஓர் உயிர். பாலத்துக்கு மூன்றரைக் கோடி டாலர். அந்தக் கணக்குப்படி 35 பேர் சாக வேண்டும். தலைமைப் பொறியாளர் ஜோசப் ஸ்ட்ராஸ் அதை ஏற்கவில்லை. 1,30,000 டாலருக்கு மேல் செலவழித்துப் பாலத்துக்குக் கீழே நெடுக வலை கட்டினார். 19 பேர் அதில் விழுந்து பிழைத்தார்கள். 1937 பிப்ரவரி 17 அன்று ஒரு சாரம் அறுந்து, தன் எடையால் வலையையும் கிழித்துக்கொண்டு கடலில் விழுந்ததில் 10 பேர் இறந்தார்கள். மொத்தச் சாவு 11. அந்த 19 பேரின் காலும் தவறத்தான் செய்தது. வலை கட்டியிருந்ததால் உயிரோடு வீட்டுக்குப் போனார்கள்.

இன்றைக்கு அமெரிக்கத் தொழிற்பாதுகாப்புத் துறை, அதிகம் பிடிபடும் விதிமீறல்களை ஆண்டுதோறும் பட்டியலிடுகிறது. பல ஆண்டுகளாக அதில் முதலிடம், கட்டுமான இடங்களில் விழுதல் தடுப்பு இல்லாததற்கு. ஏணிக் குற்றங்களும் முன்வரிசையில் இருக்கின்றன. அவற்றில் மிகுதி, நாம் பார்த்த அதே 3 அடி நீளாத ஏணி. வேண்டுமென்றே செய்த மீறலுக்கு 2025 கணக்குப்படி 1,65,514 டாலர் வரை அபராதம். அங்கேயும் கட்டுமானச் சாவுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுவதால்தான் நேர்கிறது. அந்த நாட்டைப் புகழ இதைச் சொல்லவில்லை. ஆனால் அங்கே யாரும் விழாதபோதே அது குற்றம். 6 அடிக்கு மேல் தடுப்பில்லாமல் ஒருவர் நின்றாலே, நிற்க வைத்தவர் பதில் சொல்ல வேண்டும்.

நம்மிடம் சட்டம் இல்லாமலில்லை. கட்டடத் தொழிலாளர்களுக்கென்று 1996ல் ஒன்று வந்தது. ஆனால் 10 பேராவது வேலை செய்யும் இடத்துக்குத்தான் அது. சொந்தமாகக் குடியிருக்க 10 லட்சத்துக்குள் வீடு கட்டுபவரையும் விட்டுவிட்டது. அதன் இடத்துக்கு வந்திருக்கும் 2020ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பிலும் அதே 10 பேர் கணக்குதான். சொந்த வீட்டுக்கான விலக்கோ 50 லட்சமாக உயர்ந்துவிட்டது. மேஸ்திரி நாலைந்து பேரை அழைத்து வந்து கட்டும் வீடுகளில் பெரும்பாலானவை இப்படி வெளியே நின்றுவிடுகின்றன. பெரிய கட்டடங்களின் செலவில் 1 சதவீதம் நல நிதிக்குப் போகிறது. அதிலிருந்து வரும் விபத்து மரண உதவி அந்தக் குடும்பத்துக்கு அவசியம்தான். ஆனால் அது விழுந்த பிறகு வருவது. போலீஸ் வழக்கும் அப்படியே. கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்கு இப்போது ஐந்தாண்டு வரை சிறை என்கிறது சட்டம். அதற்கும் ஓர் உடல் கீழே கிடக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே சட்டம் எட்டாத அந்த வீடுகளில் மிஞ்சுவது வீட்டுக்காரர்தான், அதாவது நாம். சதுர அடி ரேட் பேசும்போது கம்பி எந்தக் கம்பெனி, சிமென்ட் எந்தக் கம்பெனி, டைல்ஸ் என்ன விலை என்று துருவித் துருவிக் கேட்கிறோம். சாரம் எப்படி, ஏணி எப்படி என்று கேட்பதில்லை. அது மேஸ்திரி பாடு. ரேட்டைக் குறைக்கச் சொன்னால் அவர் கைவைப்பது பலகையிலும் கயிற்றிலும்தான்.

எங்கள் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது, படிக்கட்டுச் சுவரின் உச்சி எட்டவில்லை என்று பெயின்டர் ஒரு மேஜையைப் போட்டு அதன்மேல் ஏணியை நிறுத்தினார். நான் கையில் காபியோடு பார்த்துக்கொண்டு நின்றேன். ஏணி ஒருமுறை வழுக்கி, சுவரில் கோடு கிழித்து நின்றது. அவர் பெயின்ட் டப்பாவை விட்டுவிட்டுச் சுவரை அணைத்துக்கொண்டார். டப்பா கீழே வந்து விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. மறுநாள் வேலையை நிறுத்தி, சக்கரம் வைத்த இரும்புச் சாரம் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். அவர் சக்கரப் பூட்டுகளைப் போட்டார், கம்பியை இரு கையாலும் பிடித்து ஒருமுறை பலமாக உலுக்கினார். “ஆடல சார்” என்று சொல்லிவிட்டு ஏறினார்.