ஆற்றுக்கு முன்னால் ஒரு தொட்டி

சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சிற்றாறு கலக்கிறது. இங்கே எடுக்கும் தண்ணீர்தான் குழாய் வழியே கோவில்பட்டிக்குக் குடிநீராகப் போகிறது. அந்தத் தண்ணீர் இங்கு வந்து சேருமுன் நெல்லை மாநகரின் சாக்கடையையும் வாங்கிக்கொள்கிறது. 2024 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதிகளே நேரில் வந்து, கழிவுநீர் கலக்கும் இடங்களைப் பார்த்துப் போனார்கள். அழுக்கைத் தின்னும் பாக்டீரியாக்களை ஆற்றில் விட்டால் போதாதா என்ற யோசனை இப்படிப்பட்ட நேரங்களில் எழும். நுண்ணுயிர்களால் முடியும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த வேலை, கழிவுநீர் ஆற்றைத் தொடுமுன் முடிந்துவிட வேண்டும்.

கணக்கு எளிது. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் கரையக்கூடிய ஆக்சிஜன் சுமார் 7.5 மில்லிகிராம். ஒரு லிட்டர் வீட்டுக் கழிவுநீரைச் செரிக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படுவதோ பெரும்பாலும் 200 மில்லிகிராமுக்கும் மேல். கோடையில் ஆறு மெலிந்து கிடக்கும்போது சாக்கடை கலந்தால், அழுக்கைத் தின்னும் வேகத்திலேயே அவை ஆக்சிஜனையும் தீர்த்துவிடும். மீன்கள் மூச்சுத் திணறிச் சாகும். பாக்டீரியாவைக் கூட்டினால் ஆக்சிஜன் கூடிவிடாது. மான்செஸ்டரில் 1914-இல் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இரு ஆய்வாளர்கள் செய்து காட்டியது இதற்கான வழிதான்: கழிவுநீரைத் தொட்டியில் நிறுத்தி, காற்றை ஊதி, நுண்ணுயிர்கள் திரண்ட சேற்றை வெளியே விடாமல் மறுபடி மறுபடி பயன்படுத்துவது. ஓடுகிற ஆற்றில் இந்த மூன்றுக்கும் வழியில்லை.

ரசாயனங்களுக்காவது தனி பாக்டீரியா வேண்டாமா என்று கேட்கலாம். எண்ணெய் தின்னும் பாக்டீரியாவை உருவாக்கிய ஆனந்த மோகன் சக்கரவர்த்திக்கு 1980-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு காப்புரிமைக்கு வழி திறந்தது. ஆனாலும் 1989-இல் அலாஸ்கா கடற்கரையில் எக்ஸான் வால்டெஸ் கப்பலின் எண்ணெய் படிந்தபோது, அங்கேயே வாழ்ந்த பாக்டீரியாக்களுக்கு உரம் போட்டதுதான் பலன் தந்தது. சலவைத்தூளின் கதை இன்னும் தெளிவானது. கிளைத்த சங்கிலி கொண்ட பழைய வேதிப்பொருளை நுண்ணுயிர்களால் எளிதில் சிதைக்க முடியாமல் மேலைநாட்டு ஆறுகள் நுரைத்தன. 1960-களில் ஆலைகள் நேர்சங்கிலிப் பொருளுக்கு மாறியதும் நுரை அடங்கியது. ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களையும் சாய ஆலை உப்பையும் எந்த நுண்ணுயிராலும் இல்லாமல் செய்ய முடியாது. அவற்றை ஆலை வாசலிலேயே தடுத்தாக வேண்டும்.

சுத்திகரிப்பு நிலையமும் பாதாளச் சாக்கடையும் செலவு பிடிப்பவை. நுண்ணுயிர்க் கலவை மலிவு என்பார்கள். ஓடையில் வாடை குறைய அது உதவலாம். ஆனால் கழிவுநீர் வரத்து நிற்காதவரை வாரந்தோறும் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நெல்லைக்கு ராமையன்பட்டியில் சுத்திகரிப்பு நிலையம் ஏற்கெனவே இருக்கிறது. அதற்குப் போகாமல் ஆற்றுக்கு இறங்கும் ஒவ்வொரு ஓடையையும் திருப்பிவிடுவதற்கே முதல் பணம் போக வேண்டும்.