சாம்பார் கொதித்தால் அப்பாவுக்குக் குளிரும்!

அமெரிக்காவில் புருஷன் பெண்டாட்டி சண்டை எங்கே ஆரம்பிக்கும் தெரியுமா? நகைக்கடையில் இல்லை. மாமியாரிடமும் இல்லை. ஹால் சுவரில், தரையிலிருந்து சுமார் ஐந்தடி உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு டப்பா இருக்கும். அங்கேதான்!

டப்பாவின் பெயர் தெர்மோஸ்டாட். அவர் 68 என்று வைத்துவிட்டு ஆபீஸ் போவார். அம்மணி வந்து 73 ஆக்குவார். (எல்லாம் ஃபாரன்ஹீட் கணக்கு. 70 என்றால் நமக்கு 21 டிகிரி செல்ஷியஸ்.) வருஷக்கணக்காக இந்த நம்பர் யுத்தம் நடக்கும். நம்பரை விடு, சுவரை மாற்று என்று ஒரு வீட்டில் கண்டுபிடித்தது இன்ஜினீயர் இல்லை. நம் ஊரிலிருந்து போன ஒரு ரிடையர்டு ஹெட்கிளார்க்.

பி.காம். படித்தபோது என் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்த நண்பன், இப்போது நியூஜெர்ஸியில் சொந்த வீட்டுக்காரன். மனைவியின் பிரசவத்துக்காகப் பெற்றோரை வரவழைத்தான். குழந்தை பிறக்கிற நேரம் நம் கையிலா இருக்கிறது? வந்து இறங்கியது டிசம்பரில்! பெரியவருக்குப் பின்பக்கம் கார் ஷெட்டை ஒட்டிய பெட்ரூம். ஸ்வெட்டர், மஃப்ளர், இரண்டு ஜோடி ஸாக்ஸ் சகிதம் உட்கார்ந்திருந்தவரை, "அப்பா, குளிருதா?" என்று கேட்டிருக்கிறான்.

"எனக்கொண்ணும் குளிரலைடா. நீ ஆபீஸ் வேலையைப் பாரு."

அப்பாக்கள் இப்படித்தான் சொல்வார்கள். பையனுக்கு பில் ஏறக்கூடாதே!

அந்த வீடுகளில் பேஸ்மென்ட்டில் ஃபர்னஸ் என்று ஒன்று இருக்கும். கேஸை எரித்துக் காற்றைச் சூடாக்கி, தகரக் குழாய்கள் வழியாக ஒவ்வொரு அறைக்கும் தள்ளும். எப்போது எரிய வேண்டும், எப்போது அணைய வேண்டும் என்று உத்தரவு போடுவது சுவரில் இருக்கிற தெர்மோஸ்டாட். பழைய மாடல்களில் சூடு பட்டால் வளையும் இரட்டை உலோகப் பட்டை. இப்போது கடுகளவு சென்சார். பெரும்பாலான வீடுகளில் மொத்த வீட்டுக்கும் அது ஒன்றுதான். அதுவும் தன் மூக்குக்கு நேரே இருக்கிற காற்றை மட்டும்தான் பார்க்கும். மற்ற அறைகளில் யார் நடுங்குகிறார்கள் என்று அதற்குத் தெரியாது. (நம் மேனேஜர்கள் யாராவது ஞாபகத்துக்கு வந்தால் நான் பொறுப்பல்ல.)

இதைக் கண்டுபிடித்த கதையே அறை அறையாக நடந்த கதைதான். விஸ்கான்ஸின் மாநிலத்தில் ஒயிட்வாட்டர் என்ற ஊரில், ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் வாரன் ஜான்சன் என்றொரு வாத்தியார். பள்ளிக் காவலாளி ஒவ்வொரு வகுப்பாக நுழைந்து வெப்பம் பார்த்துவிட்டு, பேஸ்மென்ட்டுக்கு இறங்கிச் சரிசெய்து வருவார். பாடம் தடைப்படும். வாத்தியார் யோசித்து, வகுப்பில் ஒரு கருவியை மாட்டி, கீழே காவலாளிக்கு மணி அடிக்கிற மாதிரி செய்தார். 1883-ல் அதற்கு பேட்டன்ட் வாங்கினார். இன்று மணியும் இல்லை, காவலாளியும் இல்லை. ஃபர்னஸ் தானே எழுந்து ஓடுகிறது. ஆனால் ஜான்சன் வகுப்புக்கு வகுப்பு வைத்த கருவியை, வீடு கட்டுகிறவர்கள் வீட்டுக்கு ஒன்றாக்கிவிட்டார்கள். அதையும் ஒயர் இழுக்க எது சௌகரியமோ அந்தச் சுவரில் மாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

நண்பன் வீட்டில் அது எங்கே இருந்தது? ஹால் சுவரில். சுவருக்கு அந்தப் பக்கம் கிச்சன். சரியாக அதன் முதுகில் அடுப்பு! மருமகளுக்குப் பத்தியச் சமையல், மற்றவர்களுக்குச் சாம்பார், வந்து போகிறவர்களுக்குக் காபி என்று அம்மா விடிந்ததிலிருந்து அடுப்பை அணைக்கவே இல்லை. சுவர் சூடாகும். தெர்மோஸ்டாட், "ஆஹா, வீடே கதகதப்பு!" என்று ஃபர்னஸை நிறுத்திவிடும். பின் பெட்ரூமில் பெரியவர் மூன்றாவது ஸாக்ஸைத் தேடுவார்.

முப்பது வருஷம் ஃபைல் பார்த்தவர் சும்மா இருப்பாரா? ஒரு நோட்டில் கோடு போட்டார். சின்ன தெர்மாமீட்டர் ஒன்றை எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போய், காலை, மதியம், இரவு என்று மூன்று நாள் குறித்தார். கடைசி காலத்தில் 'அடுப்பு எரிகிறது / இல்லை' என்று ஒரு ரிமார்க்ஸ்! சமையல் நேரத்தில் ஹால் 71, அவர் அறை 62. அடுப்பு அணைந்து இரண்டு மணி நேரம் கழித்து அவர் அறை 66. 'எனக்குக் குளிருகிறது' என்று அவர் வாயால் சொல்லவே இல்லை. நோட்டை மட்டும் டைனிங் டேபிளில் வைத்துவிட்டுப் படுக்கப் போனார். ட்ரையல் பேலன்ஸ் டேலியாகாவிட்டால் எனக்கே தூக்கம் வராது. நண்பனுக்கு எப்படி வரும்?

மறுநாளே இடம் தேடினார்கள். தெர்மோஸ்டாட்டுக்கு நல்ல இடம் என்பது ஏறக்குறைய பெண் பார்க்கிற மாதிரி. வெளிச்சுவர் ஆகாது. நேர் வெயில் ஆகாது. வாசல் கதவு, ஜன்னல் பக்கம் கூடாது. சூடான காற்று வருகிற துவாரம், விளக்கு, டி.வி., அடுப்பு எதுவும் அருகில் இருக்கக்கூடாது. வீட்டு நடுவில், ஆட்கள் புழங்குகிற இடத்தில் உள்சுவர் வேண்டும். கடைசியில் பெட்ரூம்களுக்குப் போகும் வழியில் ஒரு சுவர் அமைந்தது. அங்கேயும் இரண்டு நாள் தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டுப் பார்த்துத்தான் பெரியவர் கையெழுத்துப் போட்டார்.

வேலை அவ்வளவு பெரிதில்லை. அங்கே வீட்டுச் சுவர் என்பது மரச்சட்டத்தில் இருபக்கமும் ஜிப்ஸம் பலகை, நடுவே வெற்றிடம். பேஸ்மென்ட்டிலிருந்து மேல்நோக்கித் துளை போட்டு, ஃபர்னஸிலிருந்தே புது ஒயர் இழுத்தான். பழைய ஒயரில் ஒட்டுப்போட்டுச் சுவருக்குள் புதைத்தால், நாளைக்குக் கோளாறு வரும்போது யார் தேடுவது? முதலில் பிரேக்கரை ஆஃப் செய்தான். எந்த ஒயர் எந்த எழுத்தில் என்று போட்டோ எடுத்துக்கொண்டான். வழக்கமாகச் சிவப்பு கரன்ட்டுக்கு, வெள்ளை ஹீட்டருக்கு, மஞ்சள் ஏ.சி.க்கு, பச்சை ஃபேனுக்கு. ஆனால் முன்னால் வேலை பார்த்த புண்ணியவான் நிறம் பார்த்தாரா என்பது ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். இதெல்லாம் 24 வோல்ட் சமாச்சாரம். டப்பாவைத் திறந்ததும் தடித்த ஒயர்கள் தெரிந்தால் அது 120 அல்லது 240 வோல்ட். மூடிவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

பலரும் கோட்டைவிடுகிற விஷயம் ஒன்று உண்டு. ஒயர் வருகிற துளை. அதை அடைக்காவிட்டால் சுவருக்குள் இருக்கிற குளிர்காற்று டப்பாவின் முதுகில் அடித்து, தெர்மோஸ்டாட்டை மறுபடி ஏமாற்றும். கொஞ்சம் புட்டி போதும்.

இப்போது பெரியவர் அறை 67. ஹால் கொஞ்சம் சூடு தூக்கல்தான். ஒரே சென்சாரால் எல்லா அறையையும் திருப்தி செய்ய முடியாது. கேஸ் பில்? ஏறியது. ஃபர்னஸ் கூடுதலாக ஓடினால் ஏறத்தானே செய்யும்! முன்பு அந்தச் செலவு அப்பாவின் முழங்கால் கணக்கில் போய்க்கொண்டிருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம். தினம் எட்டு மணி நேரம் 7 முதல் 10 டிகிரி குறைத்து வைத்தால் வருஷத்துக்கு 10 சதவிகிதம் வரை மிச்சம் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. பகலில் வீட்டைப் பூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு அது சரி. பச்சைக் குழந்தையும் தாத்தா பாட்டியும் இருக்கிற வீட்டில் அந்தக் கஞ்சத்தனம் வேண்டாம்.

ஆன்சைட் போகிற தம்பிகளுக்கு: வாடகை வீட்டுச் சுவரில் ட்ரில்லிங் மெஷினைத் தூக்காதீர்கள், அட்வான்ஸ் திரும்பாது. தனியாக ஒயர்லெஸ் சென்சார் வைத்துக்கொள்கிற தெர்மோஸ்டாட்கள் வந்துவிட்டன. வீட்டுக்காரர் சம்மதித்தால் அதை மாட்டி, சென்சாரைக் குளிருகிற அறையில் வைத்தால் போதும். அதற்கும் முன்னால், காற்று வருகிற துவாரத்தின் மேல் ஊரிலிருந்து கொண்டுபோன சூட்கேஸ் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

"சென்னைவாசிக்கு எதற்கய்யா இது?" என்கிறீர்களா? உங்கள் ஸ்ப்ளிட் ஏ.சி.யிலும் இதே சென்சார் உண்டு. கூரையை ஒட்டி, மெஷினுக்குள். 2020 ஜனவரி முதல் புது ஏ.சி.கள் ஆன் செய்ததும் 24-ல் தொடங்க வேண்டும் என்பது மத்திய அரசு விதி. அந்த 24-ஐ அளப்பது மெஷின், கட்டிலில் படுத்திருக்கும் நீங்கள் இல்லை. சில மாடல்களில் ரிமோட்டிலேயே ஒரு சென்சார் உண்டு. பட்டனை அழுத்தினால் ரிமோட் இருக்கிற இடத்து வெப்பத்தைக் கணக்கில் எடுக்கும். நல்ல வசதி. ஆனால் ரிமோட்டைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு தூங்கினால், உங்கள் உடம்புச் சூட்டை அறைச் சூடு என்று நம்பி விடிய விடிய ஓடும். பக்கத்தில் படுத்திருப்பவர் மஃப்ளர் தேடுவார்.