கரிசல் காலம் – 9: மழைக்கு இடம் விட்ட வாரம்

ஆவணிக் கடைசியில் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போனால், வழிநெடுக உழுதுபோட்ட கரிசல் வெறுங்காடாகத்தான் தெரியும். ஆனால் சில காடுகளில் அதற்குள் விதை இறங்கியிருக்கும். வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கும். வாரம் பிறந்தாலே நெஞ்சு படபடக்கிறது என்பவர்களுக்கு இந்த முன்விதைப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை.

மானாவாரிக்கென்றே 1901 முதல் இயங்கிவரும் கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் பரிந்துரையில் தேதி கிடையாது, வாரம்தான். ஆண்டை 52 வாரங்களாக வகுத்து, பருத்திக்கு 37, 38. சோளத்துக்கு 38, 39. கம்புக்கு 39, 40 என்று சொல்கிறார்கள். நம் கணக்கில் ஆவணிக் கடைசியில் தொடங்கிப் புரட்டாசி இருபதுவாக்கில் முடியும். ஒவ்வொரு பயிருக்கும் பதினான்கு நாள். அதற்குள் டிராக்டர் கிடைக்காமல் போகலாம், பிள்ளைக்குக் காய்ச்சல் வரலாம், நடுவில் அமாவாசை வந்தால் ஏர் பூட்ட மாட்டார்கள். எதுவும் குடிமுழுகிப் போகாது.

இதில் நான் வியக்கிற இடம் விதையின் ஆழம். ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் போடுகிறார்கள். சின்னத் தூறலுக்கு ஏமாந்து முளைத்துக் கருகிவிடக் கூடாது. 20, 25 மில்லிமீட்டர் பெய்தால்தான் ஈரம் அதுவரை இறங்கும். போடுவதற்கு முன்பே விதையை உப்புக் கரைசலில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, வறட்சி தாங்கப் பழக்குவதும் உண்டு.

"மழை பிந்திட்டா என்ன அண்ணாச்சி செய்வீக?" என்று ஒரு சம்சாரியிடம் கேட்டேன்.

"அது வார அன்னைக்கு வரட்டும் தம்பி. நம்ம வேலைய முடிச்சாச்சுல்ல."

இதே வட்டாரத்தில் மல்லிகையும் இருக்கிறது. அதற்குத் தவணை கிடையாது. மொட்டு விரிவதற்குள் பறித்தாக வேண்டும். விடிந்து வெயில் ஏறினால் விலை போச்சு. பூப்பறிக்கப் போகிற பெண்கள் அந்த விடியலை மட்டும் இறுகப் பிடித்துக்கொள்கிறார்கள். ரேஷன் கடை, பேங்க், துணி துவைப்பதெல்லாம் இந்த வாரத்துக்குள் என்பதோடு சரி.

நம்மில் பலர் பருத்தி வேலையையும் மல்லிகையாக்கிக்கொண்டு தவிக்கிறோம். திங்கட்கிழமை காலை ஒரு தாளை எடுத்து, நேரம் தவறினால் கெட்டுப்போகிற வேலை எதுவென்று மட்டும் குறித்துப் பாருங்கள். இரண்டு, மூன்றுக்கு மேல் தேறாது. மற்றவற்றுக்குக் கிழமை போட வேண்டாம். தேவையான தாளையும் பணத்தையும் எடுத்து வைத்துவிட்டால் போதும்.

இப்படி முன்கூட்டியே விதைத்தாலும் சில வருடம் மழை ஏய்க்கும். அரைகுறையாகப் பெய்து, முளைத்ததைக் காயப்போட்டுவிடும். அதை நினைத்துத்தான் கொஞ்சம் விதையைக் கையிருப்பில் வைக்கிறார்கள். பருத்தி தவறிய காட்டில் ஐப்பசி ஈரத்துக்குக் கொத்தமல்லி விதைப்பார்கள்.

(தொடரும்)