வைகறையும் அந்தியும் படம் பிடிப்போம்

பொழுது புலர்வதையும் பொழுது சாய்வதையும் பாடாத புலவர் இல்லை. தீட்டாத ஓவியர் இல்லை. நிழற்படக் கலையைப் பொழுதுபோக்காகக் கொண்டோரும் அவ்வாறே. பகலெல்லாம் வெளிச்சம் இருக்க, அவர்கள் ஏன் விடியுமுன் கடற்கரைக்கு ஓடுகின்றனர்? அந்தி சாய்ந்த பின்னும் பட்டணத்துக் கரையோரத்தில் ஏன் காத்து நிற்கின்றனர்? ஓய்வு நாள்களில் காமிராவும் கையுமாகப் பினாங்குக் கரையில் பல ஆண்டுகள் அலைந்த பழக்கம் நமக்கு உண்டு. அந்தப் பட்டறிவைக் கொண்டு இவ்வினாக்களுக்கு விடை கூற முற்படுகின்றோம்.

வானம் சிவப்பது ஏன்?

கதிரவனின் வெள்ளொளி ஒரே நிறமன்று. வானவில்லில் காணும் நிறங்கள் யாவும் அதில் கலந்துள்ளன. அவ்வொளி காற்று மண்டலத்தினூடே வரும்போது, காற்றின் மூலக்கூறுகள் அதனைச் சிதறச் செய்கின்றன. சிவப்பு ஒளியைவிட நீல ஒளி ஏறத்தாழ நான்கு மடங்கு மிகுதியாகச் சிதறும். பின்னாளில் ரேலி பிரபு எனப் பெயர் பெற்ற ஆங்கில அறிஞர், 1871ஆம் ஆண்டில் இதனைக் கணக்கிட்டு விளக்கினார். பகல் வானம் நீலமாகத் தோன்றுவது இதனாலேயே.

காலையிலும் மாலையிலும் கதிரவன் அடிவானத்தில் இருப்பதால், அவன் ஒளி சாய்வான நெடுவழியில் வரவேண்டியுள்ளது. உச்சியிலிருந்து வரும்போது கடக்கும் காற்றைப்போல் ஏறக்குறைய 38 மடங்கு காற்றை அது கடக்கிறது. நீலம் வழியிலேயே சிதறிவிட, எஞ்சிய செம்மையும் பொன்மையுமே நம்மை வந்தடைகின்றன. உச்சி வெயிலில் மனித முகத்தில் கண்ணுக்குக் கீழே கருநிழல் விழும். சாய்ந்து வரும் ஒளியோ முகத்தை மென்மையாகத் தழுவும். மணலின் சிறு மேட்டையும் சுவரின் சிறு வெடிப்பையும் எடுத்துக் காட்டும். படம் எடுப்போர் இந்நேரத்தை நாடுவதன் காரணம் இதுவே.

குறுகிய பொழுது

நிலவுலகம் தன்னைத்தானே ஒரு பாகை சுற்ற நான்கு நிமிடங்கள் ஆகும். கதிரவன் அடிவானத்துக்குக் கீழே 6 பாகை இறங்கும்வரை ஓரளவு வெளிச்சம் நிலைக்கும். நம் நாடு நிலநடுக்கோட்டை ஒட்டி இருப்பதால், இங்கே கதிரவன் ஏறக்குறைய நேர்க்குத்தாகவே இறங்குகிறான். ஆகவே அவ்வெளிச்சம் சற்றேறக்குறைய 20 நிமிடங்களில் முடிந்துவிடும். லண்டனில் ஜூன் மாதத்தில் கதிரவன் சாய்வாக இறங்குவதால், அது முக்கால் மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும். நமக்கு வாய்த்தது 20 நிமிடங்கள் மட்டுமே. தாமதித்தால் அன்றைய பொழுது போயிற்று!

பெரியோர் ஒன்றை நினைவுகூரலாம். தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் 1982 ஜனவரி முதல் நாள் அரைமணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டன. அதனால் இன்று பினாங்கில் கதிரவன் ஏறத்தாழ 7 மணிக்கும் 7.30க்கும் இடையே உதிக்கிறான். படம் எடுக்க விழைவோர் 6.30 மணிக்கே இடத்தில் நிற்க வேண்டும்.

கரையும் நகரமும்

பினாங்குக் கால்வாயின் இரு கரைகளும் நமக்கு இரு பள்ளிக்கூடங்களாக அமைந்தன. ஜோர்ஜ் டவுன் கரை கிழக்கு நோக்கியது. அங்கே சியூ ஜெட்டி முதலிய குடியிருப்புகளில், சீனக் குலத்தார் கடலுக்குள் மரக்கால் நட்டு வீடுகள் அமைத்து வாழ்கின்றனர். அப்பலகை நடையின் முனையில் நின்றால், கதிரவன் எதிர்க்கரையான செபராங் பிறையின் மேல் எழுவதைக் காணலாம். ஜூன் மாதத்தில் அவன் வடக்கே ஒதுங்கி எழுவான். டிசம்பரில் தெற்கே, புக்கிட் மெர்தாஜாம் குன்றுப் பக்கமாக எழுவான். கடல் ஏறியிருந்தால் நீரில் வானம் தெரியும். வற்றியிருந்தால் சேறும் சிப்பியும் தெரியும். ஒரே இடம், ஆயினும் ஒருநாளைப்போல் மறுநாள் இருந்ததில்லை.

மாலையில் பட்டர்வொர்த் கரைக்கு வந்தால், 833 மீட்டர் உயரமுள்ள பினாங்கு மலைக்குப் பின்னே கதிரவன் மறைவான். பலர் அத்துடன் வீடு திரும்பிவிடுவர். அது பிழை. அவன் மறைந்த பின்னரே உயர்ந்த முகில்கள் அடிப்புறத்தில் சிவக்கும். அதன்பின் வானம் கருநீலமாகும். அவ்வேளையில் கொம்தார் கோபுரத்தின் விளக்குகளும் வானத்தின் வெளிச்சமும் ஏறக்குறைய ஒத்த அளவில் இருக்கும். அதற்கு முன் எடுத்தால் விளக்குகள் மங்கும். பின் எடுத்தால் வானம் வெறும் கருமையாகும். நகரத்தின் அந்திப் படம் அந்தச் சில நிமிடங்களில்தான் உண்டு.

அக்கால்வாயில் நாம் மிகுதியாகப் படம் எடுத்தது, கரைக்குக் கரை ஓடிய இரட்டைத் தட்டு ஃபெரி கப்பல்களையே. அவை 2020ஆம் ஆண்டின் இறுதியோடு பயணிகளை ஏற்றுவதை நிறுத்திக்கொண்டன. 2023 ஆகஸ்டு முதல் புதிய கப்பல்கள் ஓடுகின்றன. அழகுக்காக எடுத்த படங்கள் இன்று வரலாற்றுச் சான்றாகிவிட்டன.

கருவியைக் கையாளும் முறை

மங்கிய ஒளியில் காமிராவின் கதவு நெடுநேரம் திறந்திருக்க வேண்டும். கை சிறிது நடுங்கினாலும் படம் கலங்கிவிடும். ஒரு சுருளில் 36 படங்கள் மட்டுமே எடுக்கக்கூடிய அந்நாளில், நாம் முதன்முதலாகக் கைப்பிடியிலேயே எடுத்த சுருளில் இரண்டே படங்கள் தேறின! அன்றே முக்காலியின் அருமையை உணர்ந்தோம். பத்து வினாடி கதவைத் திறந்து வைத்தால், அலைகள் பனிபோல் படரும்; ஓடும் படகு ஒளிக்கோடாக நீளும்.

இன்று கைப்பேசியே காமிராவாக உள்ளது. முக்காலி இல்லையேல் சுவரின் மேலோ, அடுக்கிய புத்தகங்களின் மேலோ அதனைச் சாய்த்து வையுங்கள். சில வினாடி கழித்துத் தானே படம் எடுக்கும் அமைப்பைப் பயன்படுத்துங்கள். விரல் பட்ட அதிர்வு அடங்கிவிடும். படம் வெளுத்தால், திரையில் வானத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் குறையுங்கள். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காற்று தூய்மையாக இருக்கும். நிறங்களும் தெளிவாக இருக்கும். மாணவர்களே, கதிரவனை வெறுங்கண்ணாலோ காமிராக் கண்ணாடி வழியாகவோ உற்று நோக்காதீர்கள், கண் பழுதாகும். கடலோரத்துக்குப் பெரியோர் துணையின்றிச் செல்லாதீர்கள்.

நாம் தவறவிட்ட படம்

ஒருநாள் விடியுமுன் காமிராவுடன் பேருந்துக்குக் காத்திருந்தோம். பெரட்டுக்குச் சென்றுகொண்டிருந்த மூதாட்டி ஒருவர், நெற்றி விளக்குடன் நம் அருகே நின்றார். "சூரியனைப் பார்க்கவா பினாங்கு வரைக்கும் போறீங்க, வாத்தியாரே? நான் தினம் மரத்துக்கு நடுவுல பார்க்குறேனே!" என்றார். நாமும் சிரித்துவிட்டுப் பேருந்தில் ஏறினோம்.

அவர் கூறியது முற்றிலும் உண்மை. இரவின் குளிர்ச்சியில் ரப்பர் மரத்தினுள் அழுத்தம் மிகுந்திருப்பதால், விடியுமுன் வெட்டினால்தான் பால் நன்கு ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும். ஆகவே தோட்டத் தொழிலாளருக்கு வைகறை என்பது விருந்தன்று. அன்றாட உழைப்பின் தொடக்கம். இருளில் நிரை நிரையாக அசையும் நெற்றி விளக்குகள், மங்கில் சொட்டும் வெண்பால், இலைகளினூடே முதற்கதிர். இதனினும் சிறந்த காட்சி எக்கடற்கரையில் உண்டு?

"அடுத்த விடுமுறையில் எடுத்துக்கொள்வோம்" என்று தள்ளிப்போட்டோம். சில ஆண்டுகளில் அம்மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை நடப்பட்டது. லயத்து வீடுகளும் இடிக்கப்பட்டன. அம்மூதாட்டியும் மறைந்தார். பின்னொரு நாள் அவர் பேரன் வந்து, பாட்டியின் படம் ஏதும் உண்டா என்று கேட்டான். பெட்டிகள் அனைத்தையும் தேடினோம். கடல் நூறு இருந்தது. கப்பல் நூறு இருந்தது. பால் வெட்டும் ஒரு கை கூட இல்லை. வெறுங்கையுடன் அவனை அனுப்ப நேர்ந்தது.

ஆகவே, அன்பு மாணவர்களே! கடலையும் நகரத்தையும் எடுங்கள், அவை அழகியவை. ஆனால் முதற்படம் உங்கள் வீட்டு வாசலில் இருக்கட்டும். பணிக்குப் புறப்படும் தந்தையை, விடியலில் அடுப்பு மூட்டும் தாயை, அந்தியில் திண்ணையில் அமர்ந்திருக்கும் தாத்தாவை, அவர்கள் இசைவு பெற்று எடுங்கள். படத்தை அச்சிட்டு, அதன் பின்புறத்தில் பெயரும் ஊரும் நாளும் எழுதி வையுங்கள். கதிரவன் நாளையும் எழுவான். அவன் ஒளியில் இன்று நிற்போர் என்றும் நிற்பதில்லை.