துப்பாக்கிக்குச் சோறு போடுவது யார்?

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போதே ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தெருக்களில் "பட், பட்" என்ற சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். தறி ஓடும் வீட்டு வாசலிலும் கேட்கும், தேரடியிலும் கேட்கும். பையன்களின் கையில் பொம்மைத் துப்பாக்கி. சட்டைப் பையில் கேப்பு. பக்கத்து ஊர் சிவகாசியில் செய்த சரக்கு.

இந்தக் கேப்பில் பல வகை உண்டு. பொட்டுக் கேப்பு என்றால் ஒவ்வொரு பொட்டாக எடுத்து வைத்துத்தான் அடிக்க வேண்டும். வைக்கும் நேரம் அதிகம். வெடிக்கும் நேரம் கொஞ்சம். சுருள் கேப்பு அப்படி அல்ல. ஒரு காகிதச் சுருளில் வரிசையாகப் பொட்டுகள் இருக்கும். விசையை இழுத்தால், உள்ளே இருக்கும் சிறு கொக்கி காகிதத்தை ஒரு பொட்டு அளவு மேலே தள்ளும். சுத்தியல் விழும். பட்! மறுபடி இழுத்தால் அடுத்த பொட்டு.

ஆனால், அதில் ஒரு தொல்லை. கொஞ்ச நேரம் வெடித்ததும் காகிதம் கோணலாகி மாட்டிக்கொள்ளும். "அண்ணே, சிக்கிடுச்சு!" என்று தம்பி துப்பாக்கியை நீட்டுவான். அண்ணன் மூடியைத் திறந்து, கிழிந்த காகிதத்தைப் பிய்த்துப் போட்டு, சுருளை நேராக்கிக் கொடுப்பான்.

போர்க்களத்தில் நிற்கும் எந்திரத் துப்பாக்கியின் ரகசியமும் இதுதான். அதன் தொல்லையும் இதுதான். அங்கே சிக்கினால் அண்ணனைக் கூப்பிட நேரம் இருக்காது.

தோட்டா என்பது என்ன?

"குண்டு", "தோட்டா" என்று இரண்டையும் ஒன்றாகச் சொல்வது வழக்கம். இரண்டும் ஒன்றல்ல. தோட்டா என்பது ஒரு பித்தளைக் கூடு. அதன் வாயில் குண்டு. வயிற்றில் மருந்து. அடியில், தட்டினால் பொறி கிளம்பும் சிறு மூடி. துப்பாக்கியின் ஊசி அந்த மூடியைத் தட்டினால் மருந்து எரியும். குண்டு பறந்துவிடும். காலிக் கூடு உள்ளேயே நிற்கும்.

அந்தக் காலிக் கூட்டை வெளியே எடுக்க வேண்டும். புதுத் தோட்டாவை உள்ளே வைக்க வேண்டும். பழைய துப்பாக்கிகளில் இதையெல்லாம் சிப்பாய் தன் கையால் செய்தான். மருந்து எரிவது கண்மூடித் திறக்கும் நேரம்கூட இல்லை. தாமதம் எல்லாம் கையால்தான். ஆகவே, வேகமாகச் சுட வேண்டும் என்றால், வேகமாக ஊட்ட வேண்டும்.

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பார்கள். சட்டியில் இருப்பதை அகப்பைக்குக் கொண்டுவருவது எப்படி? அதற்கு வழி சொன்னவர், விதை விதைக்கும் கருவி செய்தவர்!

விதையிலிருந்து வெடிக்கு

அமெரிக்காவில் ரிச்சர்டு காட்லிங் என்று ஒருவர் இருந்தார். 1818-ம் ஆண்டு பிறந்தவர். நம் ஊரில் ஏருக்குப் பின்னால் நடந்து, சாலில் விதையை ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டு போவார்கள் அல்லவா? அந்த வேலையைச் செய்ய 1844-ம் ஆண்டு அவர் ஒரு கருவிக்கு உரிமை வாங்கினார். பெட்டியில் விதையைக் கொட்டிவிட்டால், கருவி நகர நகர விதை அளவாக விழும்.

பிறகு அவர் வைத்தியப் படிப்பும் படித்துப் பட்டம் பெற்றார். ஆனால், வைத்தியம் செய்யவில்லை. அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தம் மூண்டது. 1862-ம் ஆண்டு அவர் ஒரு துப்பாக்கிக்கு உரிமை வாங்கினார். பல குழாய்களை வட்டமாகக் கட்டி, கைப்பிடியால் சுற்றும்படி செய்தார். மேலே ஒரு திறப்பு. அதில் தோட்டாவைப் போட்டால், தன் எடையால் ஒவ்வொன்றாகக் கீழே விழும். ஒரு குழாய் சுடும்போது இன்னொரு குழாய் காலிக் கூட்டைத் துப்பும். வேறொன்று புதுத் தோட்டாவை வாங்கிக்கொள்ளும். விதை விழுந்த இடத்தில் தோட்டா விழுந்தது.

இதைச் செய்ததற்குக் காட்லிங் ஒரு காரணமும் சொன்னார். நூறு பேர் வேலையை ஒருவர் செய்தால், பெரிய சேனை வேண்டியதில்லை. போரிலும் நோயிலும் சாகிறவர்கள் குறைவார்கள் என்பது அவர் எண்ணம். அது பலித்ததா என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

உதையில் ஓடும் எந்திரம்

காட்லிங் துப்பாக்கியைச் சுற்ற ஆள் வேண்டும். அதையும் வேண்டாம் என்று செய்தவர் ஹைரம் மாக்சிம். அமெரிக்காவில் பிறந்து லண்டனில் குடியேறியவர். துப்பாக்கி வெடித்தால் தோளில் ஓர் உதை விழும். அந்த உதையை வீணாக்காமல் அதனிடமே வேலை வாங்கினால் என்ன என்று அவர் யோசித்தார். 1884-ம் ஆண்டு வாக்கில் அவருடைய எந்திரத் துப்பாக்கி பிறந்தது.

அது எப்படி ஓடுகிறது? குழாய்க்குப் பின்னால் தோட்டா உட்கார ஓர் அறை. அறைக்குப் பின்னால், கதவுத் தாழ்ப்பாள் போல முன்னும் பின்னும் போய்வரும் ஓர் இரும்புத் தாழ். தோட்டாக்கள் ஒரு நீண்ட துணி வாரில் வரிசையாகச் செருகியிருக்கும். ஒரு வாரில் 250 தோட்டா.

வெடித்த உதையில் தாழ் பின்னால் போகும். போகும்போதே அறையில் இருக்கும் காலிக் கூட்டையும், வாரில் இருக்கும் புதுத் தோட்டாவையும் சேர்த்துப் பிடித்து இழுக்கும். பிறகு பிடி கீழே இறங்கும். புதுத் தோட்டா அறைக்கு நேராக வரும். காலிக் கூடு வெளியேறும் வழிக்கு நேராக வரும். அதற்குள் ஸ்பிரிங் தாழை முன்னால் தள்ளும். புதியது உள்ளே, பழையது வெளியே. வார் ஒரு தோட்டா அளவு நகர்ந்து நிற்கும்.

கல்யாணப் பந்தியில் ஒருவர் எச்சில் இலையை எடுக்கும்போதே, இன்னொருவர் அடுத்த இலையைப் போட்டுக்கொண்டு வருவார் பாருங்கள். அது மாதிரிதான். ஆனால், இந்தப் பந்தி ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய 600 தடவை நடக்கும். ஒரு விநாடிக்குப் பத்து இலை!

துணி நனைந்தால் ஆபத்து

இவ்வளவு பெரிய எந்திரத்தின் உயிர் ஒரு துணி வாரில் இருந்தது. மழையில் நனைந்தால் துணி உப்பி, தோட்டாவை இறுகப் பிடித்துக்கொள்ளும். பழசாகித் தளர்ந்தால் தோட்டா இடம் மாறிவிடும். இரண்டிலும் துப்பாக்கி சிக்கும். ஆகவே, சுடுகிறவர் பக்கத்தில் இன்னொருவர் படுத்துக்கொண்டு, வார் கோணாமல் கையால் ஏந்திக் கொடுப்பார். தோட்டாப் பெட்டி சுமக்க வேறு ஆட்கள். எந்திரம் தானாக ஓடினாலும், அதற்கு ஊட்டுவதற்கு ஒரு குழுவே வேண்டியிருந்தது.

முதல் உலக யுத்தத்தில், 1914-ம் ஆண்டு அக்டோபர் 31-ந் தேதி, பெல்ஜியத்தில் ஹோலபேக் என்ற ஊர் அருகே இந்தியச் சிப்பாய்கள் இரண்டு எந்திரத் துப்பாக்கிகளோடு எதிரியைத் தடுத்து நின்றார்கள். ஒன்றைப் பீரங்கிக் குண்டு உடைத்துவிட்டது. மற்றொன்றில் பஞ்சாபைச் சேர்ந்த குதாதத் கான் இருந்தார். உடலில் காயம். கூட இருந்த ஐந்து பேரும் செத்து விழும்வரை அவர் அந்தத் துப்பாக்கியை விடவில்லை. இந்தியச் சிப்பாய்களில் முதன்முதலாக விக்டோரியா கிராஸ் விருது பெற்றவர் அவர்தான்.

ஆள் குறைவாகச் சாவார்கள் என்று காட்லிங் நினைத்தாரே, அது என்ன ஆயிற்று? 1916-ம் ஆண்டு ஜூலை முதல் தேதி, பிரான்சில் சோம் நதிப் போர் தொடங்கியது. பிரிட்டிஷ் சேனை வரிசையாக முன்னேறியது. ஜெர்மானியரிடம் இருந்தது மாக்சிம் வகைத் துப்பாக்கி. பீரங்கியும் சேர்ந்து சுட்டது. அந்த ஒரே நாளில் பிரிட்டிஷார் பக்கம் செத்தவர்கள் 19,240 பேர். காயம்பட்டவர்கள், காணாமல் போனவர்கள் எல்லாம் சேர்த்தால் 57,470 பேர்.

டார்ச் லைட்டும் டம்ளரும்

வாருக்குப் பதில் பெட்டியில் தோட்டாவை அடைப்பது இன்னொரு முறை. டார்ச் லைட்டின் பின் மூடியைக் கழற்றினால் ஒரு ஸ்பிரிங் இருக்கும். அது பேட்டரிக் கட்டைகளை முன்னால் தள்ளிப் பிடித்திருக்கும். தோட்டாப் பெட்டியிலும் அப்படித்தான். அடியில் ஸ்பிரிங், அதன் மேல் ஒரு தட்டு, தட்டின் மேல் தோட்டாக்கள். பெட்டியின் வாய் ஓரங்கள் இரண்டும் உள்பக்கம் வளைந்திருக்கும். அவை தோட்டா துள்ளி ஓடாமல் பிடித்துக்கொள்ளும். தாழ் முன்னால் போகும்போது ஒரே ஒரு தோட்டாவைத் தள்ளிக்கொண்டு போகும். உடனே அடுத்தது மேலே வந்து நிற்கும்.

பார்க்கச் சின்னத் தகரப் பெட்டி. ஆனால், கீழே விழுந்து வாய் ஓரம் நசுங்கினால், எவ்வளவு நல்ல துப்பாக்கியும் சுடாது.

பல தோட்டாப் பெட்டிகள் வாழைப்பழம் போல வளைந்திருப்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். ஏன் வளைவு? அடுப்படியில் இருக்கும் டம்ளர்களை எடுங்கள். வாய் எல்லாம் ஒரே பக்கம் இருக்கும்படி தரையில் படுக்கவைத்து, ஒன்றோடு ஒன்று ஒட்டி அடுக்குங்கள். வரிசை நேராக வராது, வளையும். வாய் அகலம், அடி குறுகல் அல்லவா? தோட்டாவும் ஒரு முனை தடித்து, ஒரு முனை மெலிந்திருந்தால், அதன் பெட்டி வளைந்துதான் ஆக வேண்டும்.

இந்திய ராணுவத்தில் பல ஆண்டுகள் இருந்த பிரென் துப்பாக்கியில் இந்த வளைந்த பெட்டி துப்பாக்கியின் தலைமேல் நிற்கும். 30 தோட்டா கொள்ளும். ஆனால், சிப்பாய்கள் 28-தான் போடுவார்கள். நிரம்பத் திணித்தால் ஸ்பிரிங் களைத்துவிடும்; துப்பாக்கி சிக்கும். வயிறு முட்டச் சாப்பிட்டால் வேலை ஓடாது என்பது துப்பாக்கிக்கும் பொருந்தும்!

நம் திருச்சியிலும் 1966-ம் ஆண்டு முதல் துப்பாக்கித் தொழிற்சாலை நடக்கிறது. அங்கே செய்யும் திருச்சி ரைபிளுக்கும் வளைந்த பெட்டிதான். இந்தியாவிலேயே செய்த இன்சாஸ் ரைபிளுக்கு, எத்தனை தோட்டா பாக்கி என்று வெளியிலிருந்தே தெரியும்படி பிளாஸ்டிக் பெட்டி வைத்தார்கள். நல்ல யோசனைதான். ஆனால், 1999-ம் ஆண்டு கார்கில் போரின்போது, கடுங்குளிரில் அந்தப் பெட்டி விரிசல் விடுவதாகப் புகார்கள் எழுந்தன. நூறாண்டுக்கு முன் மழை, அப்போது பனி. ஊட்டும் இடத்தில்தான் தொல்லை வருகிறது.

தறிக்கும் பசி உண்டு

ஊட்டும் வேலை துப்பாக்கிக்கு மட்டும் உரியதல்ல. ஸ்ரீவில்லிபுத்தூரில் நெசவாளர் வீட்டுக்குள் போனால் அதைப் பார்க்கலாம். வீட்டுக்காரர் தறியில் உட்கார்ந்திருப்பார். வீட்டு அம்மாள் ராட்டை முன் உட்கார்ந்து தார் சுற்றுவார். தார் என்பது ஊடை நூல் சுற்றிய சிறு குச்சி. நாடாவுக்குள் அதைப் பொருத்தினால், நாடா இப்படியும் அப்படியும் ஓடித் துணி நெய்யும். தார் தீர்ந்தால் தறி நிற்கும். வேறு தார் போட வேண்டும். பொட்டுக் கேப்பு மாதிரிதான்.

சாதாரண விசைத்தறியிலும் இதே கதை. தறி எவ்வளவு வேகமாக ஓடினாலும், தார் தீர்ந்தால் நிறுத்தித்தான் மாற்ற வேண்டும். இதற்கு 1890-களில் ஜேம்ஸ் நார்த்ராப் என்பவர் ஒரு வழி கண்டுபிடித்தார். இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். தறியின் ஓரத்தில் ஒரு சக்கரம் வைத்தார். சக்கரத்தைச் சுற்றி நூல் சுற்றிய தார்கள். நாடாவில் நூல் தீரும் சமயம், ஒரு சுத்தியல் புதுத் தாரை நாடாவுக்குள் அடித்து இறக்கும். காலித் தார் கீழே விழும். தறி நிற்காது! புதியது உள்ளே, பழையது வெளியே. எந்திரத் துப்பாக்கியின் அதே பந்தி. போடுகிற சாப்பாடுதான் வேறு.

ராஜபாளையத்துக்கும் பஞ்சாலைக்கும் உள்ள உறவு பழையது. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ம் ஆண்டு ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். பின்னர் சுற்று வட்டாரத்தில் பல நூல் மில்கள் எழுந்தன. பக்கத்தில் சத்திரப்பட்டி இருக்கிறது. அங்கே விசைத்தறிகள் என்ன நெய்கின்றன தெரியுமா? சேலை இல்லை, வேட்டி இல்லை. ஆஸ்பத்திரிகளுக்கு வேண்டிய பேண்டேஜ் துணி. காற்றுப் புகும்படி, இழைக்கு இழை இடைவெளி விட்ட மெல்லிய வெள்ளைத் துணி. வெளுத்து, வெட்டி, சுருளாகச் சுற்றினால், காயத்தில் கட்டத் தயார்.

மாக்சிம் துப்பாக்கியில் தோட்டாவைச் சுமந்து போனதும் துணி. குண்டு பட்ட இடத்தில் இரத்தத்தை நிறுத்துவதும் துணி. சத்திரப்பட்டித் தறி இந்த இரண்டாவது துணியை நெய்கிறது.

அங்கே தார் தீர்ந்தால், நெசவாளர் தறியை நிறுத்துவார். காலித் தாரை எடுப்பார். நூல் உள்ள தாரைப் போடுவார். தறி மறுபடி ஓடும். அந்தத் துணி தீபாவளி அன்று சுட்ட ஒரு சிறுவனின் விரலுக்குப் போகுமா, எல்லையில் அடிபட்ட ஒரு சிப்பாயின் தோளுக்குப் போகுமா என்று அவருக்குத் தெரியாது. பொழுது சாய்வதற்குள் ஒரு சுருள் துணி முடிந்துவிடும்.